கட்டடமே விளக்காக இருந்த காலம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான பழைய நூலகங்களின் வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: படங்களில் கண்ட நூலகங்கள் அரண்மனைகளைப் போல இருக்கின்றன. கூரை நிறைய ஓவியம், பொன்முலாம் பூசிய சிற்பங்கள், பளிங்குத் தரை. உட்கார்ந்து படிப்பதற்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு? இது செல்வர்களின் பகட்டு என்பதைத் தவிர வேறென்ன?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: பகட்டே கிடையாது என்று வாதாட மாட்டேன். நாங்கள் வெளியிட்ட முதல் படம் ஆஸ்திரியாவிலுள்ள ஆட்மொண்ட் மடத்து நூலகம். 1776-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கூடம் 70 மீட்டர் நீளமுடையது. மேலே ஏழு குவிமாடங்கள். அவற்றின் உட்புறம் முழுவதும் ஆல்தொமோந்தே என்ற ஓவியர் தம் முதிய வயதில் தீட்டிய ஓவியங்கள். அலமாரி வரிசையின் ஒழுங்கு கெடக் கூடாது என்பதற்காக, இடையிலுள்ள கதவுகளின்மேல் போலிப் புத்தக முதுகுகளைப் பொருத்தி அவற்றை மறைத்திருக்கிறார்கள். எவரும் எடுத்துப் படிக்க முடியாத புத்தகங்களுக்கும் இடமளித்தவர்களை நீங்கள் பகட்டுக்காரர்கள் என்றால் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் அதே கூடத்தில் 48 சன்னல்கள் இருக்கின்றன. பழைய நூலகங்களின் அழகைப் புரிந்துகொள்ள அந்தச் சன்னல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மின்சாரம் வராத காலத்தில் இருட்டிய பிறகு படிக்க வேண்டுமானால் மெழுகுவத்தியோ எண்ணெய் விளக்கோ வேண்டும். தோலும் தாளும் மரமும் அடைந்து கிடக்கும் ஓர் அறைக்குள் சுடரைக் கொண்டுபோக அறிவுள்ள எந்த நூலகரும் சம்மதிக்க மாட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் 1602-இல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தில், உள்ளே தீயையோ சுடரையோ கொண்டுவரவும் மாட்டேன், மூட்டவும் மாட்டேன் என்று வாசகர் உறுதிமொழி கூறும் வழக்கம் இன்றளவும் இருக்கிறது. அந்த நூலகத்துக்குக் கணப்பு வசதி 1845-இல்தான் வந்தது. செயற்கை வெளிச்சம் வந்ததோ 1929-இல். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கே படித்த மாணவர்கள் குளிரில் விறைத்தபடி சூரியனை நம்பியே படித்தார்கள்.

ஆகவே கட்டடமே விளக்காக வேண்டியிருந்தது. இத்தாலியின் செசேனா நகரில் 1454-இல் திறக்கப்பட்ட மலத்தெஸ்தியானா நூலகத்தில் 58 சாய்வு மேசைகள் நடுவழிக்கு இருபுறமும் சுவரை ஒட்டி அணிவகுத்திருக்கின்றன. சுவரிலுள்ள சன்னல்களின் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து ஏட்டின்மேல் விழும். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஆனால் சுவரெல்லாம் சன்னலுக்கே போய்விட்டது. அச்சு நூல்கள் பெருகியபோது அவற்றை அடுக்கச் சுவர் வேண்டும், படிக்கச் சன்னலும் வேண்டும் என்ற இழுபறி வந்தது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிக்காகக் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1695-இல் முடிந்த நூலகத்தில் இதற்கு ஒரு தீர்வைக் காணலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதபடி அவர் தளத்தைத் தாழ்த்தினார். அதனால் சன்னல்கள் அலமாரிகளின் தலைக்கு மேலே தொடங்குகின்றன. சுவரும் கிடைத்தது, வெளிச்சமும் கிடைத்தது. இன்று அந்தக் கூடத்தில் நிற்பவர் அதைக் கம்பீரம் என்கிறார். இடம் போதாத சிக்கலை ஒருவர் தீர்த்த விதம்தான் அந்தக் கம்பீரம்.

ஆட்மொண்ட் மடத்தின் வெண்ணிறமும் பொன்னிறமும் வெளிறிய கூரை ஓவியங்களும்கூட வரும் வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பித் தருகின்றன. பகட்டும் பயனும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதே என் துணிபு. கதவுகளை மறைக்கும் அந்தப் போலிப் புத்தகங்களை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

கேள்வி: டப்ளின் நூலகத்தின் நீளக்கூடத்தில் பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற மரக்கூரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைக் கற்பனை செய்த கலைஞர் யார்?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இடநெருக்கடி என்ற கலைஞர். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் கேம்பிரிட்ஜைப் போல டிரினிட்டி என்ற பெயரில் ஒரு கல்லூரி உண்டு. அதன் நூலகத்திலுள்ள அந்தக் கூடம் தாமஸ் பர்க் என்பவரின் வடிவமைப்பில் 1712-இல் தொடங்கி 1732-இல் முடிந்தது. அப்போது அதற்குத் தட்டையான சாந்துக் கூரைதான் இருந்தது. அலமாரிகளும் கீழ்த்தளத்தில் மட்டுமே இருந்தன. 1801-இல், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கேட்டுப் பெறும் உரிமை அந்த நூலகத்துக்குக் கிடைத்தது. வாங்காமலே வந்து குவியும் நூல்களை வைக்க ஐம்பது, அறுபது ஆண்டுகளில் இடமில்லாமல் போயிற்று. டீன், வுட்வர்ட் என்ற கட்டடக் கலைஞர்கள் 1860 வாக்கில் பழைய கூரையை எடுத்துவிட்டு, மேல்தளத்திலும் அலமாரிகளை எழுப்பி, அவற்றுக்கு மேலே உங்கள் மனத்தைக் கவர்ந்த வளைவுக் கூரையை அமைத்தார்கள். 65 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தை இன்று படமெடுக்காதவர் இல்லை. முதலில் கட்டியவர் திரும்பி வந்தால் அதை அடையாளம் காண்பாரா என்பது சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே உடனே செல்ல எண்ணினால் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். 2022 முதல் அங்குள்ள ஏறத்தாழ 2,00,000 நூல்களை ஒவ்வொன்றாக இறக்கி, தூசு உறிஞ்சி, அளந்து, பட்டியலிட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோகும் பணி நடந்தது. தீத்தடுப்பும் காற்றுச் சீரமைப்பும் செய்வதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வெறும் அலமாரிகளோடு அந்தக் கூடம் எப்படியிருக்கிறது என்று படங்களில் பார்த்தேன். மரவேலைப்பாடு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கண்ணுக்கு ஏதோ குறைகிறது. பழுப்பும் கறுப்புமான தோல் முதுகுகளின் சீரற்ற வரிசைதான் அந்த இடத்தின் பாதி அழகு என்பது அவற்றை எடுத்த பிறகே தெரிகிறது.

கேள்வி: பழைய படமொன்றில் சங்கிலியால் கட்டப்பட்ட நூல்களைக் கண்டேன். நூலின் முதுகு உள்ளேயும் தாள்முனை வெளியேயும் தெரியும்படி தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். புகைப்படக்காரரின் தவறா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: தவறில்லை. சங்கிலியை நூலின் முதுகில் மாட்டினால் இழுக்கிற இழுப்பில் கட்டுப் பிய்ந்துவிடும். ஆகவே முன்னட்டையின் விளிம்பில் பித்தளை அல்லது இரும்புத் தகடு அடித்து, அதில் சங்கிலியைக் கோத்து, மறுமுனையை அலமாரியோடு பொருத்திய கம்பியில் மாட்டினார்கள். தாள்முனை வெளியே இருந்தால்தான் சங்கிலி சிக்காமல் நூலைக் கீழேயுள்ள மேசைக்கு இறக்கலாம். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் 17-ஆம் நூற்றாண்டின் இத்தகைய அலமாரிகளை இன்றும் பார்க்கலாம். முதுகில் பெயர் எழுதும் வழக்கம் பரவலானது பின்னர்தான். எந்த நூல் எங்கே என்பதற்கு அலமாரியின் பக்கவாட்டில் ஒரு பட்டியல் தொங்கும்.

கேள்வி: யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அழகிய நூலகங்கள் மட்டும் ஏன் இப்படி அழிகின்றன?
(ஒரு வாசகி, வவுனியா)

பதில்: அழகிய நூலகங்கள் மட்டும் அழிவதில்லை, அழகற்றவை அழியும்போது உலகம் கவனிப்பதில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு வகைத் தீ கலந்திருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வைத்த தீ. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில், நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்து, 1959-இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகை, 1981 ஜூன் தொடக்கத்தில் வன்முறையின்போது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அதில் சாம்பலாயின. ஊரார் சேர்ந்து பொருள் திரட்டி எழுப்பிய கட்டடம் என்பதால், அதை எரிப்பது எவருக்கு வலிக்கும் என்பது எரித்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. போஸ்னியாவின் சராயேவோ நகரில் 1896-இல் நகர மன்றமாகத் திறக்கப்பட்டுப் பின்னர் தேசிய நூலகமான மாளிகையும் 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்தது. ஒரு சமூகம் தன் நினைவை வைத்திருக்கும் இடம் எது என்று கோபுரமும் குவிமாடமும் தூரத்திலிருந்தே அறிவித்துவிடுகின்றன. அழகு அங்கே பகைவனுக்கும் வழி காட்டியது. இரண்டு கட்டடங்களும் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்துவிட்டன. நூல்கள் அப்படித் திரும்பவில்லை.

மற்றொன்று, வைக்காமல் வந்த தீ. ஜெர்மனியின் வைமர் நகரில் அன்னா அமாலியா சீமாட்டி 1766-இல் ஒரு பழைய மாளிகையை நூலகமாக மாற்றினார். கவிஞர் கதே பல்லாண்டுகள் அதை மேற்பார்வையிட்டார். மெழுகுவத்திக் காலம் முழுவதையும் கடந்துவந்த, வெண்ணிறமும் பொன்னிறமுமான அந்தக் கூடம் 2004 செப்டம்பர் 2 அன்று இரவு கூரையில் பற்றிய தீயால் எரிந்தது. பழைய மின்கம்பியின் கோளாறே காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. நூல்களைப் புதிய கிடங்குக்கு மாற்றச் சில வாரங்களே இருந்தன. ஊழியர்களும் ஊர்மக்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஆயிரக்கணக்கான நூல்களை வெளியே கொண்டுவந்தார்கள். 1534-இல் அச்சான லூதரின் விவிலியம் அப்படித்தான் தப்பியது. ஆனால் ஏறத்தாழ 50,000 நூல்கள் அழிந்தன. இன்னும் 62,000 நூல்கள் தீயாலும் தீயணைப்பு நீராலும் சேதமடைந்தன.

அந்த நனைந்த நூல்களை என்ன செய்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவது நல்லது. நனைந்த தாளில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். வெயிலில் காயவைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெளிந்துவிடும். எனவே அவற்றை உடனே உறையவைத்து, பின்னர் காற்று நீக்கிய அறையில் வைத்து, பனிக்கட்டி நீராகாமலே நேராக ஆவியாகும்படி செய்தார்கள். நீர் ஓடாததால் மை கரையவில்லை. கூடம் 2007 அக்டோபரில் மீண்டும் திறந்தது. நூல்களைச் செப்பனிடும் வேலை அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் நீண்டது.

கேள்வி: போர்ச்சுக்கல் நாட்டில் நூலகத்தைக் காக்க வௌவால் வளர்க்கிறார்களாமே? உண்மையா? நம் ஊரில் என்ன செய்தார்கள்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: வளர்க்கவில்லை, குடியிருப்பவற்றை விரட்டாமல் விட்டிருக்கிறார்கள். கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஜோவான் மன்னர் 1717-க்கும் 1728-க்கும் இடையில் கட்டிய ஜோவானினா நூலகத்தில் சிறிய வௌவால்கள் பகலில் அலமாரிகளின் பின்னே ஒடுங்கிக் கிடந்து, இரவில் வெளிவந்து நூலரிக்கும் பூச்சிகளை வேட்டையாடுகின்றன. அதற்கு விலையாக ஊழியர்கள் ஒவ்வொரு மாலையும் பழமையான மேசைகளின்மேல் தோல் விரிப்பைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள்; காலையில் வந்து வௌவால் எச்சத்தைத் துடைக்கிறார்கள். இரண்டு மீட்டருக்கும் அதிகத் தடிப்புள்ள சுவர்கள் வெளியே எந்தப் பருவமானாலும் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் அதிகம் ஏறி இறங்காமல் காக்கின்றன. பொன்னிறச் சீன வேலைப்பாட்டை வியந்து பேசுபவர்கள் இந்தச் சுவரைக் கவனிப்பதில்லை.

நம்மிடம் நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே தஞ்சை சரசுவதி மகால் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் வேர்விட்டு, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆர்வத்தால் பெருகி, 1918-இல் பொதுமக்களுக்கான நூலகமான அதில், தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்குச் சுவடிகள் ஆயிரமாயிரமாக இருக்கின்றன. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு அருகில் வைப்பது அங்குள்ள பழைய முறை. ஓலை வறண்டு முறியாதிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதும் உண்டு. அது இராமபாணப் பூச்சியையும் விரட்டும். ஆட்மொண்ட் போன்ற ஓவியக் கூரை தேடி அங்கே போகாதீர்கள். சிவப்புத் துணியில் சுற்றிய சுவடிக் கட்டுகளின் வரிசைக்கும் அந்தக் காரமான மணத்துக்கும் தனியானதோர் ஈர்ப்பு இருக்கிறது.

கேள்வி: கன்னிமாரா நூலகத்தில் பழைய நூல்களைப் புரட்டும்போது வரும் வாசனை எனக்கு மிகவும் பிடிக்கும். அது எதனால் வருகிறது?
(ஒரு கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் உண்மை இதுதான்: அது தாள் மெல்ல அழியும் வாசனை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து சிதையும்போது தாள் பழுப்பேறுகிறது; சிதைவில் வெளியாகும் ஆவிகளுள் ஒன்று வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலின். கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த பழைய தாள் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வெளுப்பாக, வளைத்தால் வளைவதாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ்த் தாள் பரவிய பிறகு வந்த நூல்கள்தாம் விரல் பட்டதும் நொறுங்குகின்றன. மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரம் அந்தத் தாளில் அமிலத்தை ஊட்டிவிட்டது. சென்னையின் வெக்கையும் கடற்காற்றும் மிச்ச வேலையைச் செய்கின்றன.

ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896 டிசம்பரில் திறக்கப்பட்ட கன்னிமாராவின் பழைய கூடம் அந்த மரக்கூழ்த் தாள் காலத்தில் எழுந்தது. தேக்கு வேலைப்பாடும், வளைந்த மேற்கூரையில் பதித்த வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சமும் அதன் பெருமை; 1954-இன் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் அதுவும் ஒன்று என்பதால், டப்ளினின் இடநெருக்கடி அதற்கும் உண்டு. கூடத்தின் மரமும் கண்ணாடியும் இன்னொரு நூற்றாண்டு நிற்கும். உள்ளேயிருக்கும் தாளுக்கு அந்த உறுதி இல்லை. படியெடுப்பதும் மின்னுருவாக்குவதும் எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது.

கேள்வி: இவையெல்லாம் இப்போது காட்சிசாலைகள்தானே? உட்கார்ந்து படிக்க விடுகிறார்களா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: இடத்துக்கு இடம் மாறும். ஆட்மொண்ட் மடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் மடத்து நூலகத்தில் தரைமரம் தேயாதிருக்க, காலணிக்கு மேலே கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும்.

என் விருப்பம், படிப்பவர்கள் இன்னும் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் கூடங்கள்தாம். அவற்றுள் பாரிஸ் நகரின் சேன்ட் ழெனெவியேவ் நூலகத்துக்கு முதலிடம் தருவேன். ஆன்றி லப்ரூஸ்த் கட்டி 1851-இல் திறந்த அந்தக் கூடத்தில், தீப்பற்றாத வார்ப்பிரும்புத் தூண்கள் ஒற்றை வரிசையாக நடுவே நிற்க, இரும்பு வளைவுகள் கூரையைத் தாங்குகின்றன. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க வரும் மாணவர்களுக்காக எரிவாயு விளக்கு பொருத்தினார்கள். போட்லியன் அஞ்சிய சுடர் அங்கே இரவு பத்து மணி வரை எரிந்தது. வெளிச்சுவரில் 810 ஆசிரியர்களின் பெயர்களைச் செதுக்கியிருப்பதைத் தவிர வெளியலங்காரம் குறைவு. இன்றும் அது மாணவர்களால் நிரம்பியிருக்கிறது. நியூயார்க் பொது நூலகத்தின் பெரிய வாசிப்பறையும் அப்படியே. 2014-இல் கூரையிலிருந்து ஒரு சாந்துப் பூ நள்ளிரவில் உடைந்து விழுந்ததால், எல்லாப் பூக்களையும் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டி 2016-இல் மறுபடியும் திறந்தார்கள். விழுந்தது பகலாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அந்தப் பெரிய நூலகங்களின் முறைகளில் எதையாவது வீட்டில் பின்பற்ற முடியுமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: முடியும். மழைநீர் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே விரற்கடை அளவாவது காற்றோட்டம் இருக்கட்டும். நேர்வெயில் படக் கூடாது. நெகிழிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளேயுள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். நூல்களை நெருக்கித் திணிக்காமல், உயரமானவற்றைச் சாயவிடாமல் நிறுத்துங்கள். எடுக்கும்போது முதுகின் மேல்முனையைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்து எடுங்கள். ஆண்டுக்கு இருமுறை எல்லாவற்றையும் இறக்கி உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். கரையானும் இராமபாணமும் ஆளரவமில்லாத அலமாரியைத்தான் நாடும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தாராளமாக வைக்கலாம். கிழிந்த தாளைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைத்துவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் போதும்; அவை கிடைக்காவிட்டால், கிழிசலை அப்படியே விட்டு நூலைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.